அமெரக்கானா: ஒரு மேல்விலங்கு வித்தியாசம்

அமெரக்கானா, அமெரிக்கானா. எழுத்தில் ஒரு மேல்விலங்குதான், அதாவது ‘ர’வை ‘ரி’ ஆக்கும் குறிதான், வித்தியாசம். வேகமாகச் சொன்னால் அதுவும் காணாமல் போய்விடும். அமெரிக்காவில் கோழிக்குஞ்சு விற்கும் பொரிப்பகங்களில் இந்த இரண்டு பெயரும் புழங்குகின்றன. முதலாவது ஓர் இனத்தின் பெயர். இரண்டாவது, நீல முட்டை மரபு கொஞ்சம் கலந்த கலப்புக் கோழிக்கு வியாபாரத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். கலப்புக் குஞ்சையே முதல் பெயரில் விற்பவர்களும் உண்டு. குழப்பம் அங்கேதான் முற்றுகிறது.

சொல்லின் வேர் சிலி நாட்டில் இருக்கிறது. அங்குள்ள மாப்புச்சே மக்களை ஸ்பானியர்கள் ‘அரவுக்கானோ’ என்றார்கள். அவர்கள் வாழும் பகுதி அரவுக்கானியா. (மாப்புச்சே என்பது அவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட பெயர். மாப்பு என்றால் நிலம், சே என்றால் மக்கள்.) அவர்கள் வளர்த்த நீல முட்டைக் கோழிகளை 1914இல் சிலிக்குப் போன ஸ்பானியக் கோழி வல்லுநர் சல்வதோர் காஸ்தெல்யோ பார்த்தார். 1921இல் ஹேக் நகரில் நடந்த முதல் உலகக் கோழி மாநாட்டில் அவற்றைப் பற்றிப் பேசினார். அவர் இட்ட லத்தீன் பெயர் ‘கல்லுஸ் இனவுரிஸ்’. இனவுரிஸ் என்றால் காதணி. காதருகே குஞ்சம் போல நீட்டிக்கொண்டிருக்கும் இறகுகளைப் பார்த்து வைத்த பெயர் அது. அழகான பெயர்தான். ஆனால் அந்தக் குஞ்சத்துக்குரிய மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும்.

அமெரிக்காவுக்கு வந்த பிறகு நீல முட்டை இட்டதெல்லாம் அரவுக்கானா ஆகிவிட்டது. வால் உள்ளது, வால் இல்லாதது, தாடி வைத்தது, காதில் குஞ்சம் வைத்தது, எல்லாமே. 1976இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் ஒரு கோடு போட்டது: காதில் குஞ்சம் வேண்டும், வால் கூடாது, அதுவே அரவுக்கானா. அப்படியானால் தாடியும் வாலும் உள்ள கோழிகளைப் பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள் என்ன செய்வார்கள்? ‘அமெரிக்கா’வையும் ‘அரவுக்கானா’வையும் ஒட்டி ‘அமெரக்கானா’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1984இல் அதே சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றது. பிரிட்டனிலோ வாலும் தாடியும் உள்ள கோழிக்கே அரவுக்கானா என்று பெயர். கடல் தாண்டினால் அதே சொல்லுக்கு வேறு கோழி.

சரி, எதிரே நிற்கும் கோழி அசலா கலப்பா? முதலில் காலைப் பாருங்கள். அசல் அமெரக்கானாவின் கால் பள்ளிக்கூடச் சிலேட்டின் நிறம். கறுப்பு வகையில் கிட்டத்தட்டக் கறுப்பு. பாசி பிடித்த மாதிரி பச்சை ஓடிய காலோ மஞ்சள் காலோ இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், அது கலப்பு. காரணம் எளிது. அமெரக்கானாவின் தோல் வெள்ளை. அதன் அடியில் கருநிறமி இருந்தால் மேலே சிலேட்டு நிறம் தெரியும். அதே கருநிறமி மஞ்சள் தோலுக்கு அடியில் இருந்தால் பச்சையாகத் தெரியும். அந்த மஞ்சள் தோல் மரபணு வீட்டுக்கோழிக்கு வந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. ஏதோ ஓர் அமெரிக்கக் கொல்லையில் நிற்கும் பச்சைக்கால் பெட்டையில் நம் காட்டுச் சேவலின் சாயல்!

அடுத்து முகம். கொண்டை அசில் என்னும் சண்டைச் சேவலுடையது போலத் தாழ்ந்து, மூன்று வரியாக மணி மணியாக இருக்க வேண்டும். வாள் போல நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை என்றால் அசல் இல்லை. கன்னத்தில் கிருதாவும் அலகுக்குக் கீழே தாடியும் புசுபுசுவென்று இறகாலேயே அமைந்திருக்கும். தொங்கு சதை மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை. கலப்புக் கோழிக்கும் தாடி வருவது சகஜம், தாடியை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. உடல் நிறமும் முக்கியம். 1984இல் ஏற்கப்பட்டவை எட்டு நிறங்கள்: கறுப்பு, நீலம், வெள்ளை, வெள்ளி, கோதுமை, நீலக்கோதுமை, செம்பழுப்பு, மங்கல்பொன். கதம்பமாக எல்லா நிறமும் கலந்த பெட்டை பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் பட்டியலில் சேராது.

முட்டையை வைத்து முடிவு செய்யலாமே என்பார்கள். அது அரைச் சான்றுதான். நீல ஓட்டு மரபணு மேலோங்கும் குணம் கொண்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே ஓடு நீலமாகிவிடும். ஆகவே நீல முட்டை இடும் கலப்புக் கோழி எத்தனையோ உண்டு. ஆனால் முட்டை பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் கோழி பெரும்பாலும் அசல் இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு பச்சை முட்டையை உடைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை நகத்தால் உரித்துப் பாருங்கள். உள்பக்கம் நீலம்! நீல நிறமியான பிலிவெர்டின் ஓடு முழுக்க ஊறியிருக்கும். அடிபட்ட இடம் கன்றிப் பச்சையாக மாறுகிறதே, அங்கே வேலை செய்வதும் இதுவே. பழுப்பு நிறமி மேலே மட்டும் கடைசி நேரத்தில் பூசப்படுகிறது. நீலத்தின் மேல் பழுப்பு ஏறினால் பச்சை. பழுப்பு முட்டையை உரித்தால் உள்ளே வெள்ளைதான்.

இனி தமிழ்ப் பெயர். ‘அமெரக்கானா’ ஊரும் மக்களும் சேர்ந்த இடுபெயர், அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மேல்விலங்கு போடாமல் எழுதினால் சரி. கலப்புக் கோழியை அமெரிக்கர்கள் ‘ஈஸ்டர் எக்கர்’ என்கிறார்கள், ஈஸ்டருக்குச் சாயம் தோய்க்கும் முட்டைகளை நினைத்து. இதற்கு ‘நீலமுட்டைக் கோழி’ பொருந்தாது, முட்டை பச்சையாகவும் வரும். ‘வண்ணமுட்டைக் கோழி’ என்றால் ஒரே கோழி நாளுக்கொரு நிறத்தில் இடும் என்று நினைப்பார்கள்; ஒரு கோழிக்கு ஆயுள் முழுக்க ஒரே நிறம்தான். என் கைக்கு வருவது ‘நிறமுட்டைக் கலப்பு’. இனம் இல்லை என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. அது இடும் முட்டையைப் ‘பச்சை முட்டை’ என்று, நான் மேலே எழுதியது போல, எழுதிவிடாதீர்கள். நம் வீடுகளில் பச்சை முட்டை என்றால் வேகவைக்காத முட்டை. பச்சை ஓட்டு முட்டை.