ஊக்குக்கு அடியில் ஒட்டிக்கிடந்த துணி

கோடை வந்துவிட்டால் ஐரோப்பாவில் ஒரு கூட்டம் வார இறுதிகளில் கூடாரம், விறகு, இரும்புச் சட்டி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு புல்வெளிக்குக் கிளம்பிவிடும். இரண்டு மூன்று நாள், ஸ்காண்டிநேவியாவின் பழைய கடலோடிகளான வைக்கிங்குகளாக வாழ்ந்து பார்ப்பார்கள். தலையில் கொம்பு மட்டும் இருக்காது. அது 19ஆம் நூற்றாண்டு ஓபரா மேடையில் முளைத்த கொம்பு, அதைப் போட்டுக்கொண்டு போனால் கூட இருக்கும் வைக்கிங்குகளே சிரிப்பார்கள்.

அவர்களுடைய வாள் சண்டையைவிட உடுப்புதான் எனக்குச் சுவாரசியம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய துணி மண்ணுக்குள் மிஞ்சாதே, பின்னே எதைப் பார்த்து இவ்வளவு நம்பிக்கையாகத் தைக்கிறார்கள்?

ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே மேலாரன் ஏரியில் ஒரு தீவு. அதில்தான் பிர்கா என்ற வைக்கிங் கால வணிக ஊர் இருந்தது. யால்மார் ஸ்டோல்பே என்பவர் 1870-களில் தொடங்கி அங்கே சுமார் 1,100 கல்லறைகளைத் தோண்டினார். வசதியான பெண்களின் கல்லறைகளில், தோள்களுக்குக் கீழே, ஆமை ஓடு போலக் கவிந்த இரண்டு வெண்கல ஊக்குகள் இருந்தன. உடம்பும் உடுப்பும் மக்கிப்போயிருந்தாலும் ஊக்கின் உட்குழிவில் மட்டும் துணி ஒட்டிக்கொண்டிருந்தது.

காரணம் செம்பு. வெண்கலம் அரிக்கும்போது செம்பு உப்புகள் கசிந்து சுற்றியிருக்கும் துணியில் ஊறுகின்றன. துணியைத் தின்னும் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் செம்பு விஷம், ஆகவே உலோகத்தை ஒட்டியிருக்கும் துணி தப்பிக்கிறது, கொஞ்சம் தள்ளியிருப்பது போய்விடுகிறது. ஊக்கின் பின்பக்கத்து இரும்பு ஊசி செய்வது வேறு வேலை. அதன் துரு இழைக்குள் புகுந்து கெட்டிப்பட்டு, இழையே மக்கிப் போன பிறகும் அதன் அச்சாக நின்றுவிடும். அந்தத் துருவை நுண்ணோக்கியில் வைத்தால் கம்பளி என்றால் செதில் தெரியும், லினன் என்றால் மூங்கில் கணு மாதிரித் தெரியும். நூல் இல்லை, நூலின் சிலைதான் இருக்கிறது, ஆனாலும் அது ஆட்டு மயிரா ஆளிச்செடி நாரா என்று சொல்லிவிடலாம்.

இப்படி மிஞ்சியவற்றில் முக்கியமானவை சின்னச் சின்ன லினன் வளையங்கள். அவற்றை வைத்துத்தான் அந்தப் பெண்கள் நம் பள்ளிக்கூடப் பினஃபோர் மாதிரி, தோள் வாரை முன்னால் ஊக்கில் மாட்டுகிற ஓர் உடுப்பைப் போட்டிருந்தார்கள் என்று கண்டுபிடித்தார்கள். முழு உடுப்பு ஒன்றுகூட பிர்காவில் கிடைக்கவில்லை. இன்றைக்குப் புல்வெளியில் பார்க்கிற வைக்கிங் பெண் உடுப்பில் பெரும்பகுதி, சில சென்டிமீட்டர் துணியிலிருந்து விரித்தெடுத்த ஊகம்.

அப்புறம் ஹேட்பி. இன்றைய வட ஜெர்மனியில் இருக்கும் பழைய துறைமுகம் அது. கிழிந்த உடைகளைத் தாரில் தோய்த்துக் கப்பல் வேலைக்குப் பயன்படுத்திவிட்டுத் தண்ணீரில் எறிந்திருக்கிறார்கள், தாரும் சேறும் அவற்றைக் காப்பாற்றிவிட்டன. பெரும்பாலும் கம்பளிதான். கல்லறையில் கிடைப்பது பணக்காரர் கடைசியாக உடுத்தியது, இங்கே கிடைத்தது நைந்து போன அன்றாட உடுப்பு. எனக்கென்னவோ இந்தக் கந்தலில்தான் நம்பிக்கை அதிகம்.

சரி, வெட்டும் தையலும் ஒருவாறு தெரிந்துவிட்டது. துணியை எப்படி உண்டாக்கினார்கள் என்பதற்குக் கையால் செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. வைக்கிங்குகளுக்கு ராட்டை தெரியாது, தக்களிதான். கீழடியில் கிடைத்த சுடுமண் தக்களிகளைப் பார்த்தவர்களுக்கு வைக்கிங் ஊர்களில் கிடைப்பவையும் பழகிய உருவமாகவே தோன்றும். பழகிய கை ஒரு மணி நேரத்தில் 30 முதல் 50 மீட்டர் நூற்கும் என்று சோதனைகள் காட்டுகின்றன. சென்டிமீட்டருக்குப் பாவு 20 இழை, ஊடை 10 இழை என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டருக்கு 3,000 மீட்டர் நூல் வேண்டும். மூன்று சதுர மீட்டரில் ஓர் உடுப்பு என்றால் 9 கிலோமீட்டர், மணிக்கு 40 மீட்டர் வீதம் 225 மணி நேரம். மயிர் கத்தரித்து, சிக்கெடுத்து, நெய்து, தைக்கிற நேரம் இதில் சேரவில்லை. 100 சதுர மீட்டர் கம்பளிக் கப்பல் பாய்க்கு, இழைகள் இன்னும் இடைவெளி விட்டு இருந்தாலும், நூறு கிலோமீட்டருக்கு மேல் நூல் போகும். கப்பலும் கொள்ளையும் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் அந்தக் கப்பல்களின் பாயை நூற்க யாரோ வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிறம்? வைக்கிங்குகள் குடியேறிய இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் சாயச் செடிகளின் மிச்சமே கிடைத்தது. நீலத்துக்கு வோட் என்ற செடி. அதிலும் நம் அவுரியிலும் இருப்பது ஒரே நீலம்தான். அது தண்ணீரில் கரையாது. பழைய சிறுநீர் மாதிரி ஏதாவது ஊற்றி நொதிக்க வைத்த தொட்டியில் நுண்ணுயிர்கள் அதைக் கரைகிற வடிவத்துக்கு மாற்றும். தோய்த்த கம்பளி மஞ்சள் பச்சையாக வெளியே வந்து, காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சிவப்புக்கு மேடர் வேர். அதிலிருக்கும் அலிசரின், சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் உண்டு. இது நூலில் பிடித்து நிற்க அலுமினியம் வேண்டும், நாம் படிகாரம் போடுவோம். காப்பர்கேட்டில் கிடைத்ததோ பாசி போலத் தரையில் படரும் ஒரு செடி, மண்ணிலிருக்கும் அலுமினியத்தை உறிஞ்சித் தன்னுள் சேர்த்து வைப்பது. அது பிரிட்டனில் சாதாரணமாகக் காணக் கிடைக்காது, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் பினஃபோரின் முன்பக்கம் மூடியதா திறந்ததா என்று இன்னும் சண்டை. கீழ் விளிம்பு முழங்கால் வரையா கணுக்கால் வரையா என்றும் அடித்துச் சொல்ல முடியாது, ஊக்கிலிருந்த செம்பு அவ்வளவு தூரம் எட்டவில்லை. கம்பளி சட்டென்று தீப்பிடிக்காது, பொறி பட்டால் கருகி அணைந்துவிடும் என்பதால் விறகடுப்புக்குப் பக்கத்தில் நீளமாக உடுத்தியும் சமாளிக்கலாம். இரண்டு அளவிலும் தைத்துப் போட்டுக்கொண்டுதான் புல்வெளிக்கு வருகிறார்கள்.