பார்வை திரும்பி வந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

கண்ணாடி விற்பதுதான் என் பிழைப்பு. இருந்தாலும் சொல்கிறேன்: ஒரு கண்ணில் பார்வை திடீரென்று போனால் என் கடைக்கு வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மலேசியாவில், பினாங்கில் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவராக இருக்கிறேன். இதை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்தான் எழுத உட்கார்ந்தேன். அண்மையில் பிறை என்ற ஊரிலிருந்து ஓர் ஐயா வந்தார். "பவர் ஏறிடுச்சும்மா, கண்ணாடி மாத்தணும்" என்றார். பவர் ஏறவில்லை, பழைய கண்ணாடியிலேயே கடைசி வரி வரை படித்தார். துருவித் துருவிக் கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வாரத்துக்கு முன், காலையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் மேலிருந்து திரை இறங்கியதுபோல் இருட்டாகியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தானாகத் தெளிந்துவிட்டதாம். மகளுக்கு லீவு கிடைக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

கண்ணின் உள்பக்கத்தைப் படம் எடுத்தேன். ரத்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், மஞ்சளாக மின்னும் ஒரு துணுக்கு மாட்டிக்கொண்டிருந்தது. கொலஸ்ட்ரால். அமெரிக்காவின் மேயோ கிளினிக் கண் மருத்துவர் ஹாலன்ஹார்ஸ்ட் 1961-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார், அவர் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் இன்றும் இதைக் குறிப்பிடுகிறோம். இது கண்ணில் உருவாவதில்லை. பெரும்பாலும் கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பிலிருந்து உடைந்து வருகிறது.

ஐயா படத்தைப் பார்த்துவிட்டு, "அதான் பார்வை திரும்பி வந்துடுச்சேம்மா?" என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கே பிரஷர் ஏறுகிறது. திரும்பி வந்தது என்றால் அடைப்பு கொஞ்சம் நகர்ந்து ரத்தத்துக்கு வழிவிட்டது, அவ்வளவுதான். அதை அனுப்பிய இடம் அப்படியே கழுத்தில் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் அதே தமனியிலிருந்துதான் கண்ணுக்கும் கிளை பிரிகிறது. அடுத்த துணுக்கு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூளைக்குப் போனால் பக்கவாதம். ஐந்து நிமிடம் வாய் கோணி, கை விழுந்து, பிறகு சரியானால் மகளின் லீவுக்குக் காத்திருப்பீர்களா? வீடே அலறி ஆம்புலன்ஸைக் கூப்பிடும். கண்ணில் நடந்தாலும் அதே சங்கதிதான். ஆபத்து மிக அதிகமாக இருப்பது முதல் இரண்டு நாளில். ஐயா இரண்டு வாரத்தைக் கடந்து வந்தது அதிர்ஷ்டம். "வலிக்கவே இல்லையே" என்பது அடுத்த சமாதானம். வலிக்காது. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பார்.

கடிதம் எழுதி அன்றே அனுப்பிவைத்தேன். ஸ்கேனில் கழுத்துக் குழாய் சுருங்கியிருப்பது தெரிந்தது. இப்போது மருந்தில் இருக்கிறார். புதுக் கண்ணாடி வாங்கவில்லை.

பார்வை திரும்பாமலே போனால் இன்னும் அவசரம். விழித்திரை ரத்தமில்லாமல் சில மணி நேரம்கூடத் தாங்காது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்கப் போகாதீர்கள்.

வயதானால் கண் மங்கத்தான் செய்யும் என்பார்கள். சரி, கண்புரை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மங்கும். ஒரு காலையில் மங்காது. கதவு நிலை நெளிந்து தெரிந்தால் அது விழித்திரையின் நடுப்பகுதிக் கோளாறாக இருக்கலாம். அதற்கும் புகைபிடிப்பதற்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவு மாரடைப்போடும் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பார்மசியில் கண் வைட்டமின் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு சிகரெட்டைத் தொடர்கிறவர்களே, அந்த மாத்திரை எந்தக் குழாயையும் திறக்காது. அதில் பீட்டா கரோட்டின் இருந்தால் புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் கூடும். லேபிளைப் படியுங்கள்.

2023 தேசிய ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு, 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். இனிப்பு நீர் நம் இந்தியர்களிடம் இன்னும் அதிகம். அதனால், பிரஷர் மாத்திரையை "இப்ப நார்மல்தானே" என்று நிறுத்தாதீர்கள். நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். இனிப்பு நீர் உள்ளவர்கள் வருடம் ஒருமுறையாவது கண்ணின் உள்பக்கத்தைப் பரிசோதியுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். நல்ல கண் மறைத்துவிடுவதால் ஒரு கண் போனதே பலருக்குத் தெரிவதில்லை.

அவசரம் என்றால் 999. நீங்களே கார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அப்பா அம்மா "ஒண்ணுமில்லப்பா" என்றால் நம்பிவிடாதீர்கள். ஆஸ்பத்திரி கவுண்டரில் "கண் மங்கலா இருக்கு" என்று மொட்டையாகச் சொன்னால், கண் கிளினிக்குக்கு வேறொரு நாள் தேதி கொடுத்து அனுப்பிவிடக்கூடும். எந்தக் கண், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளைப் பையோடு எடுத்துப் போங்கள்.