சாயத்துக்கு அடியில் இருப்பதைப் பாருங்கள்

கையால் செய்த புகையிலை பைப்பைக் கொண்டுவந்து காட்டுபவர்கள் பெரும்பாலும் அதன் நிறத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். நான் அதைக் கவிழ்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பவுலும் ஷாங்கும் சேருகிற மடிப்பைப் பார்ப்பேன். (புகையிலை வைக்கும் கிண்ணம் பவுல், அதிலிருந்து நீளும் மரக் கழுத்து ஷாங்க், அதில் செருகி வாயில் வைப்பது ஸ்டெம்.) அந்த மடிப்பில் அரம் நுழையாது, விரல் மடங்காது, உப்புத்தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பொறுமையாகத் தேய்த்தால்தான் உண்டு. செய்தவர் அவசரப்பட்டாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் அடர் சிவப்பு பைப் ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி பளபளப்பு. "சூடானதும் விரலெல்லாம் சிவக்குதுங்க, அடியிலே புகையிலை எரியவே மாட்டேங்குது" என்றார். ஸ்பிரிட் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்தேன். துணி சிவந்துபோனது. பவுலின் பக்கவாட்டில் இரண்டு இடங்களில் மட்டும் மர ரேகையே இல்லாமல் தட்டையாக ஒரு நிறம், அதாவது மரத்தின் குழியை அடைக்கும் பட்டி (putty). உள்ளே குச்சி விட்டு அளந்தால், புகை போகும் துளை கிண்ணத்தின் தரையிலிருந்து 5 மி.மீ. மேலே திறந்திருந்தது. அதற்குக் கீழே இருக்கும் புகையிலை காற்றே வராமல் ஈரமாகக் கிடக்கும், எரியாமல் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பட்டி வைப்பதைப் பெரிய குற்றம் என்று சொல்லமாட்டேன். பைப் செய்யும் மரமான பிரையர் என்பது மத்தியதரைக் கடற்கரைப் பக்கம் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேர்க்கட்டி, மண்ணுக்குள்ளேயே வளர்வது, உள்ளே சின்னச் சின்னக் குழிகள் இருக்கத்தான் செய்யும். பட்டி வைத்துவிட்டு அதைச் சொல்லாமல், மேலே கனமான சாயத்தைப் போட்டு விற்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

சரி, அளவுக்கு வருவோம். புதிதாகச் செய்பவர்கள் முதலில் வெளி வடிவத்தை வரைந்துவிட்டு அதற்குள் துளையை எங்கே வைப்பது என்று தேடுகிறார்கள். உள்ளிருந்து தொடங்கிப் பாருங்கள். கிண்ணத்தின் உள் விட்டம் 20 மி.மீ., சுற்றிலும் சுவர் 8 மி.மீ. என்றால் வெளி விட்டம் 36 மி.மீ. ஷாங்கில் ஸ்டெம்மின் முளை இறங்கும் குழி 8 மி.மீ., அதைச் சுற்றி மரம் 4 மி.மீ. என்றால் ஷாங்க் 16 மி.மீ. அதாவது பவுலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பில்லியர்ட் என்ற பழைய நேர் வடிவத்தில் கண்ணுக்கு இதமாகப் படுவதும் ஏறக்குறைய இந்த விகிதம்தான், கூடவே ஷாங்கின் நீளம் பவுலின் உயரத்தோடு ஒத்துப்போகும். இதில் ஷாங்கை 2 மி.மீ. தடிமனாக விட்டுவிட்டாலும் பைப் முழுக்க மந்தமாகத் தெரியும், ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் கையில் எடுக்கமாட்டார். டென்மார்க்கில் பைப் செய்த சிக்ஸ்டன் இவார்சன் முதலில் வடிவத்தைச் செதுக்கிவிட்டு அப்புறம் துளையிட்டவர்தான், உண்மை. அவருக்கு இருந்த கண் நமக்கு வரும்வரை துளையை முதலில் போடுவது உத்தமம்.

சாய வேலையில் நான் அதிக நேரம் செலவழிப்பது சாயம் போடுவதற்கு முன்புதான். 220 எண் உப்புத்தாளின் (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்) கீறல் வெறும் மரத்தில் தெரியாது. கறுப்புச் சாயம் பட்டதும், கீறல் அதை உறிஞ்சிக்கொண்டு, நீங்கள் தேய்த்த திசையெல்லாம் கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும். அதனால் 400 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிடுகிறேன், மர நார் எழும்பி நிற்கும், அப்புறம் 600. பிறகு ஸ்பிரிட்டில் கரையும் கறுப்புச் சாயத்தை முழுக்கப் பூசி, உலர்ந்ததும் மீண்டும் தேய்த்து எடுத்தால், ரேகையின் மென்மையான பகுதியில் கறுப்பு தங்கும், கெட்டியான பகுதி வெளுத்து வரும். அதன்மேல் மஞ்சளோ சிவப்போ போட்டால் ரேகை தூக்கிக் காட்டும். நார் குறுக்கே வெட்டுப்படும் இடங்கள் சாயத்தை அதிகமாகக் குடிக்கும், அங்கே துணியில் பாதி ஈரம் போதும். விரலில் ஒட்டாமல் இருக்க, கடைசிப் பூச்சுக்குப் பின் வெறும் ஸ்பிரிட் துணியால் உபரியைத் துடைத்துவிட்டுத்தான் மெழுகுக்குப் போகவேண்டும். அந்தச் சிவப்பு பைப்பில் நடக்காமல் போனது இதுதான்.

கிண்ணத்துக்குள் சாயம் போகவே கூடாது, அங்கே நெருப்பு எரிகிறது. பூசுவதற்கு முன் கிண்ணத்தின் வாயில் ஒரு தக்கையை இறுக்கிச் செருகிவிடுங்கள். பழைய மரவேலைக் குறிப்புகளில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் பூசினால் நல்ல பழுப்பு வரும் என்று இருக்கும். வரும்தான். ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தருவது, உதட்டருகே போகும் பொருளில் அதற்கு வேலை இல்லை. அதற்காக மற்ற எல்லாம் சரியாக இருந்தால் பைப் ஆபத்தில்லாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், உதடு, தொண்டைப் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது. என்னிடம் வாங்க வருபவர்களில் சிலர் அலமாரியில் வைக்க மட்டும்தான் வாங்குகிறார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அந்தச் சிவப்பு பைப்பை என்ன செய்தேன் என்றால், சாயம் முழுவதையும் எடுத்துவிட்டு, பட்டியைச் சுரண்டி, குழிகளை அப்படியே விட்டு, வெளிர் பழுப்பு மட்டும் போட்டுக் கொடுத்தேன். துளையை ஒன்றும் செய்ய முடியவில்லை. வந்தவர் குழிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது இங்கேதான் இருந்துச்சா?" என்று கேட்டார்.