விழா முடிந்த அந்த அரை மணி நேரம்

"எத்தனை கார் நிறுத்தலாம் சார்?" பூங்காவில் விழா வைக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். போக்குவரத்துப் பொறியாளராகப் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. மலர்க் கண்காட்சி, உணவுத் திருவிழா, இசை நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டம் என்று எத்தனையோ நிகழ்ச்சிகளுக்கு வண்டி நிறுத்தத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அத்தனை காரும் வெளியே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டவர் இதுவரை ஒருவர்கூட இல்லை.

வருகிற கூட்டம் தானாகவே பிரிந்து வரும். ஆறு மணி நிகழ்ச்சிக்கு நாலரைக்கே வந்து முன்வரிசையில் துண்டு போடுகிறவர்கள் உண்டு. வீட்டு வேலையை முடித்து ஏழரைக்கு வந்து கடைசி இரண்டு பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மூன்று மணி நேரத்தில் சிறுகச் சிறுக உள்ளே வந்த அதே கூட்டம், நன்றியுரைக்கு மைக் கைமாறியதும் ஒரே மூச்சில் எழுந்துவிடும். நாம் திட்டம் போட வேண்டியது அந்த நிமிடத்துக்கு.

இதை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன், கொங்குப் பக்கத்தில் ஒரு நகராட்சிப் பூங்கா. ஊர்ப் பெயர் வேண்டாம். மூன்றரை ஏக்கர், இரண்டு வாசல். கிழக்கு வாசல் மெயின் ரோட்டில். மேற்கு வாசல் குடியிருப்புத் தெருவில். காலை நடைக்கு வருகிறவர்கள் மட்டும் புழங்குவது. பொங்கலை ஒட்டி ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தார்கள். எதிரே இருந்த பள்ளி மைதானத்தில் பார்க்கிங். என் வரைபடத்தில் மேற்கு வாசலைச் சிவப்பில் வட்டமிட்டு 'அவசர வழி' என்று எழுதியிருந்தேன். எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் என் தப்பு.

எட்டரைக்கு நிகழ்ச்சி முடிந்தது. கிழக்கு வாசல் பன்னிரண்டு அடி அகலம். ஆனால் அன்று மாலை வரவேற்பு வளைவு கட்டிய பந்தல்காரர்கள் ஒரு பக்கக் கதவோடு சேர்த்துச் சவுக்குக் கட்டையைக் கட்டிவிட்டார்கள். மீதி இருந்தது ஆறு அடி. அந்த ஆறு அடிக்கு வெளியே பஞ்சுமிட்டாய்க்காரர், பலூன்காரர், சைக்கிளில் சோளக்கதிர். குழந்தைகள் நின்றுவிட, அம்மாக்கள் கையைப் பிடித்து இழுக்க, பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. மேற்கு வாசலைத் திறந்துவிடலாம் என்று ஓடினேன். வாசலை மறித்து ஜெனரேட்டர் வண்டி நின்றது.

"இதை எடுக்கச் சொல்லுங்க அண்ணே" என்றேன் காவலாளியிடம்.

"டிரைவரு சாப்புடப் போயிருக்காருங்க சார். சாவியும் அவர்கிட்டத்தானுங்க."

சரி, வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம் இருக்கிறது, கதவையாவது திறங்கள் என்றேன். அவர் பூட்டைத் தூக்கிக் காட்டினார். "இதைக் காலைல வாத்தியார்தானுங்க வந்து தொறப்பாரு." நடைப்பயிற்சி சங்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், வீடு இரண்டு தெரு தள்ளி. யாரோ ஒரு பையன் டிவிஎஸ் 50இல் போய் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாவிக் கொத்தில் ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பார்த்து அவர் கதவைத் திறப்பதற்குள் இருபது நிமிடம். அதற்குள் கிழக்கு வாசலில் பாதிக் கூட்டம் தானாகவே கரைந்துவிட்டது. ஒரு பாட்டி மயக்கமாக வருகிறது என்று திட்டில் உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு உள்ளே ஜோடி இல்லாத செருப்புகள் ஏழெட்டுக் கிடந்தன. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனது என் திட்டத்தால் அல்ல.

அன்று ராத்திரி விடுதி அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 80 பேர் வரை போகலாம் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் கணக்கு. குழந்தை, கைப்பை, முட்டிவலி எல்லாம் சேர்ந்தால் நான் 60 என்றுதான் வைத்துக்கொள்வேன். ஆறு அடி என்றால் ஏறக்குறைய 1.8 மீட்டர்; நிமிடத்துக்கு 110 பேர். அன்று வந்திருந்த நாலாயிரம் பேர் வெளியேற 36 நிமிடம். பன்னிரண்டு அடியும் திறந்திருந்தால் 18. ஒரு சவுக்குக் கட்டையின் விலை அது.

வண்டிக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. ஒரு கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர் இடம் போதும். ஆனால் அது உள்ளே வரவும் திரும்பவும் இடம் வேண்டுமே? அதையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 சதுர மீட்டர். ஒரு ஏக்கரில் 160 கார். காருக்கு மூன்று பேர் என்றால் ஐந்நூறு பேர்கூட வரவில்லை. அதே ஏக்கரில் நடைவழி விட்டு டூவீலர் நிறுத்தினால் 1,300 நிற்கும். இரண்டு பேர் வீதம் 2,600 பேர். நம் ஊர்களில் பூங்காவுக்கு வருகிற குடும்பம் பெரும்பாலும் டூவீலரில்தான் வருகிறது. ஆனாலும் வாசலுக்குப் பக்கத்து இடம் காருக்கு, தூரத்து மூலை டூவீலருக்கு என்றுதான் ஒதுக்குகிறார்கள். நான் மாற்றிப் போடச் சொல்வேன். வாசலை ஒட்டி மாற்றுத்திறனாளிகளின் வண்டி, அடுத்து டூவீலர், அப்புறம் கார். சிறப்பு விருந்தினர் கார் எங்கே என்று உடனே கேட்பார்கள். விருந்தினரை வாசலில் இறக்கிவிட்டுக் கார் வேறு இடத்துக்குப் போகட்டும். அவர்கள் காரை உள்ளே, மேடைக்குப் பின்னால் விட்டால், கூட்டம் கிளம்பும் நேரத்தில் அதற்கு வழிவிடச் சொல்லி எல்லோரையும் ஓரம் கட்டுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் சண்டை போட்டு ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்.

பார்க்கிங் கட்டணத்தை எங்கே வாங்குவது? நுழையும் இடத்தில் வாங்கினால், ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை தேடும் நேரத்தில் பின்னால் நிற்கும் வரிசை மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். வெளியேறும் இடத்தில் வாங்குவது அதைவிட மோசம். சும்மா வெளியே விட்டாலே ஒரு காருக்குப் பத்து விநாடி; 160 கார் போக 27 நிமிடம். அங்கே டோக்கனைத் தேடி, ஸ்கேன் செய்து, 'பணம் வந்துடுச்சா?' என்று செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் காருக்கு அரை நிமிடம். மொத்தம் 80 நிமிடம். வண்டி நின்ற பிறகு, ஆள் இறங்கிக் கதவைப் பூட்டும்போது பையனை நடந்து போய் வாங்கச் சொல்லுங்கள். ரோட்டில் வரிசையே வராது. ஒப்பந்ததாரர்களுக்கு இது பிடிக்காது. மூன்று பேர் கூடுதலாக வேண்டும், நாலு பேர் பணம் கொடுக்காமல் நழுவுவார்கள் என்பார்கள். நழுவட்டும்.

இன்னொன்று, பூங்காவுக்குள்ளேயே வண்டியை விடுவது. 'இவ்வளவு இடம் சும்மாத்தானே கிடக்குது' என்பார்கள். மரத்தின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். மழை பெய்து ஈரமாக இருக்கும்போது அதன்மேல் மினி லாரி ஏறினால் மண் இறுகி, காற்றும் தண்ணீரும் உள்ளே இறங்காது. மரம் அன்றே சாகாது. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ உச்சிக் கிளை காயும்போது விழா நடந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது. பந்தல் காலுக்குக் கடப்பாரை போட்டுக் குழி எடுக்கிறவர்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாது. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பூங்காவின் தோட்டக்காரரைப் பந்தல்காரர்களோடு நடக்கவிட்டு, குழாய் போகும் வழியிலும் கிளைகள் பரந்திருக்கும் எல்லையிலும் சுண்ணாம்புத் தூள் போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்குள் லாரியும் இல்லை, கடப்பாரையும் இல்லை. ஒரு மூட்டைச் சுண்ணாம்புச் செலவுதான்.

சென்னை செம்மொழிப் பூங்காவைத் தாண்டும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். 2010இல் திறந்த அந்தப் பூங்கா இருக்கும் இடத்தில்தான் முன்பு டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்தது. 1962 முதல் 2008 வரை, காரை விட்டு இறங்காமலே தோசை சாப்பிட்ட இடம். இன்று அதே இடத்துக்கு மலர்க் கண்காட்சி பார்க்கக் காரில் போனால், தோசை ஆறிப்போகிற அளவுக்குச் சுற்ற வேண்டியிருக்கும். 2024 அக்டோபரில் எதிர்ப்பக்கமே கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் வந்துவிட்டது. அங்கே பக்கத்தில் இன்னொரு பார்க்கிங் கட்டிக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது, இடமும் இல்லை. ஆயிரம் விளக்கு மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம்தான். அழைப்பிதழில் கூகுள் வரைபடக் குறியீட்டைப் போடும் இடத்தில் மெட்ரோ நிலையத்தின் பெயரையும் பஸ் எண்ணையும் போட்டாலே பாதிப் பேர் வண்டியை எடுக்கமாட்டார்கள் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் பேராவது எடுக்கமாட்டார்கள். பெங்களூரு லால்பாக்கில் மலர்க் கண்காட்சி சமயத்தில் மெட்ரோக்காரர்கள் திரும்பிப் போவதற்கான தாள் பயணச்சீட்டை ஒரே விலையில் முன்கூட்டியே விற்பார்கள். கூட்டம் எப்படி வந்தது என்பதைவிட, எப்படித் திரும்பும் என்று யோசித்த ஆள் ஒருவர் அங்கே இருந்திருக்கிறார்.

ஊட்டியில் இந்தக் கணக்கை மலையே போட்டுக் கொடுத்துவிட்டது. அரசு தாவரவியல் பூங்கா 1848இல் அமைந்தது, 55 ஏக்கர். 2024 மே மாதம் நடந்தது 126வது மலர்க் கண்காட்சி. சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. அதுவும் போதாமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் சீசனில் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. அரசுப் பேருந்துக்கு இந்த வரம்பு கிடையாது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், அவர்கள் பிழைப்பு, எதிர்க்கத்தான் செய்வார்கள். ஆனால் ஒரு இடத்துக்கு இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு எண்ணை வாய்விட்டுச் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. நகரப் பூங்கா விழாக்களில் அந்த எண்ணைச் சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை. 'வந்தா வரட்டுமே சார், கூட்டம் வந்தாத்தானே விழா' என்பார்கள். 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை. மதிய வெயிலில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கிளம்பினால் ரயில், பஸ், ரோடு எதுவும் தாங்காது என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம்.

ஆகவே இப்போது நான் கொடுக்கும் திட்டத்தில் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். முக்கிய நிகழ்ச்சி முடிந்ததும் விளக்கை அணைக்கக் கூடாது, தீனிக் கடைகள் இன்னும் முக்கால் மணி நேரம் திறந்திருக்க வேண்டும், ஓரத்தில் ஒரு நாதஸ்வரமோ பறையோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக் கூட்டம் நின்று ஒரு பஜ்ஜி சாப்பிட்டால் வாசலில் நெரிசல் அந்த அளவுக்குக் குறையும். நிகழ்ச்சி முடிவதற்கு அரை மணி முன்பே நுழைவு வாசல் வெளிவாசலாக மாற வேண்டும். ஆட்டோவும் கால் டாக்சியும் ஏற்றிக்கொள்ள வாசலிலிருந்து இருநூறு அடி தள்ளி, விளக்குள்ள ஒரு இடம் வேண்டும். கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காமல், 'எங்க இருக்கீங்க?' 'லெஃப்ட்ல திரும்புங்க' என்று பெண்கள் இருட்டு மூலையில் நிற்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சுற்றியுள்ள தெருக்காரர்களுக்கு இரண்டு நாள் முன்பே ஒரு சீட்டு போக வேண்டும், அதில் ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். தன் கேட்டை மறித்து யாரோ ஒருவர் கார் நிறுத்தியிருக்கும்போது எவ்வளவு நல்ல பாட்டும் காதில் ஏறாது.

நீங்கள் பார்க்கப் போகிறவராக இருந்தால் இரண்டு சின்ன வேலை செய்யுங்கள். வண்டியை வெளியே பார்த்து நிற்கிற மாதிரி ரிவர்ஸில் போட்டு நிறுத்துங்கள். உள்ளே போனதும் நீங்கள் வந்த வாசலைத் தவிர இன்னொரு வாசல் எங்கே இருக்கிறது, அது திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். பூட்டியிருந்தால் அங்கே நிற்கும் காவலரிடம் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எங்களை மாதிரி ஆட்களுக்கு அப்போதே உறைக்கும்.

அந்தக் கொங்குப் பூங்காவில் அடுத்த வருடமும் அதே விழா நடந்தது. வளைவை வாசலுக்கு வெளியே பத்தடி தள்ளிக் கட்டவைத்தேன். ஜெனரேட்டர் பள்ளி மைதானத்து மூலைக்குப் போய்விட்டது. ஏழு மணிக்கு மேற்கு வாசலுக்குப் போனால், இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வாத்தியார் உட்கார்ந்திருந்தார், கையில் சாவிக் கொத்து. "அதான் தொறந்தாச்சே, வீட்டுக்குப் போங்க ஐயா" என்றேன். "எதுக்குங்க தம்பி, மறுபடியும் பாதித் தூக்கத்துல வந்து எழுப்பறதுக்கா?" என்றார். பாட்டு முடிந்து கடைசிக் குடும்பம் வெளியே போகும்வரை அங்கேயே இருந்து, பூட்டிவிட்டுத்தான் போனார். பூட்டுக்கு இரண்டாவது சாவி ஒன்று செய்து அப்போது நகராட்சிக்காரரிடம் கொடுத்தோம். அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.