பாகுநிலை எப்படி அடர்த்தி ஆனது?

'பாய்மத்தின் அடர்த்தி மாறாது எனக் கொள்கிறோம்' என்று ஒரு வரி (பாய்மம் என்றால் ஓடக்கூடிய திரவமோ வாயுவோ). நாலு வரி தள்ளி, 'சறுக்கு வீதம் கூடக் கூட அடர்த்தி குறைகிறது' என்று இன்னொன்று (சறுக்கு வீதம், அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவும் வேகம்). நியூட்டன் விதிக்கு அடங்காத, அதாவது நழுவும் வேகத்துக்கேற்ப இளகவோ இறுகவோ செய்யும் பாய்மங்கள் ஓடும்போது வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதைக் கணினியில் கணக்கிடுவது பற்றிய மொழிபெயர்ப்பு. மெய்ப்புப் பார்க்க வந்தது. மாறாதது எப்படி ஐயா குறையும்? மூலத்தில் முதலாவது டென்சிட்டி, இரண்டாவது விஸ்காசிட்டி. இதே குளறுபடியை எத்தனையாவது முறை பார்க்கிறேனோ!

விஸ்காசிட்டிக்கு வேர் லத்தீன் 'விஸ்கம்'. ஒரு புல்லுருவிச் செடி. அதன் பழத்திலிருந்து எடுத்துப் பறவை பிடிக்கத் தடவிய பிசினுக்கும் அதே பெயர். தமிழில் பாகுநிலை, அல்லது பாகுத்தன்மை. பாய்மத்தின் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவும்போது எழும் உள் உராய்வு.

அடர்த்தி என்பது இவ்வளவு பருமனுக்கு இவ்வளவு நிறை என்ற கணக்கு. நல்லெண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, அடர்த்தி குறைவு. ஊற்றினால் தண்ணீரைவிட நிதானமாக இறங்குகிறது, பாகுநிலை அதிகம். அடுக்களையில் 'கெட்டியாக இருக்கிறது' என்போமே, அதை அப்படியே அடர்த்தியாக்கினால் வரும் வினை இது. தக்காளி சாஸ் பாட்டிலைக் குலுக்கியதும் உள்ளே இருப்பது இளகி ஓடுகிறது. அதன் எடையா குறைந்துவிட்டது?

கணக்கிலும் இது விளையாட்டில்லை. சுவரில் சீராகச் சூடேறும் நீண்ட குழாய், கொந்தளிப்பில்லாத அடுக்கோட்டம்: சுவரிலிருந்து வெப்பம் எவ்வளவு நன்றாகப் பாய்மத்துக்குக் கடக்கிறது என்று சொல்லும் நுசெல்ட் எண், தண்ணீர் போன்ற நியூட்டன் பாய்மத்துக்கு 4.36. சறுக்கினால் இளகும் பாய்மத்துக்கு, அடுக்குவிதியின் அடுக்கெண் (எவ்வளவு இளகும் என்பதைக் காட்டும் எண், நியூட்டன் பாய்மத்துக்கு 1) 0.5 என்றால், 4.75. அடர்த்தியை யாரும் தொடவே இல்லை.

வேரைப் பிடித்துக்கொண்டு 'ஒட்டுந்தன்மை' என்று எழுதுவோர் இன்னொரு கட்சி. காற்றுக்கும் விஸ்காசிட்டி உண்டு, அது எதில் ஒட்டுகிறது? காற்றில் மட்டும் பாகு இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் பாகு என்றாலே நமக்குப் பதம் நினைவுக்கு வரும். அதிரசத்துக்குக் காய்ச்சும் வெல்லப்பாகு சூட்டில் ஓடும், ஆறினால் இறுகும். எண்முறைக் கணக்கின் தலைவலியும் அதுதான்: வெப்பம் பாகுநிலையை மாற்றும், பாகுநிலை ஓட்டத்தை மாற்றும், ஓட்டம் வெப்பத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும், விடை நிலைக்கும்வரை மூன்றையும் திரும்பத் திரும்பப் போட வேண்டும். இந்த உறவை 'ஒட்டு' சொல்லாது.

பென்சிலால் பன்னிரண்டு இடத்தில் அடித்துத் திருத்தி அனுப்பினேன். அச்சாகி வந்ததில் பன்னிரண்டு இடத்திலும் 'அடர்த்தி (பாகுநிலை)' என்று இருக்கிறது.