சர்க்கிட்டை மாற்றுவதற்கு முன் ஒரு பிளக்கைச் செருகிப் பாருங்கள்

பெரும்போக அறுவடை நேரம். தம்பலகாமம் பக்கம் ஓர் அரிசி ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், வாசலில் நெல் மூட்டைகளோடு உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. நிறுவை மேடைப் பெட்டியில் எடை சரியாகத் தெரிகிறது, ஆனால் அலுவலகக் கொம்பியூட்டருக்கு அந்த எண் வந்து சேரவில்லை. மூன்று நாளாகக் கையால் எழுதுகிறார்கள். "உள்ளுக்க சர்க்கிட் போயிட்டுதாம் தம்பி, புதுசுக்குச் சொல்லிட்டன்" என்றார் முதலாளி. கேபிளை அதுவரை யாரும் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

தராசிலிருந்து கொம்பியூட்டருக்குப் போகும் இந்த மாதிரிக் கேபிள் பேசுவது ஆர்எஸ்-232 என்ற சீரியல் தரத்தில், அதாவது தரவை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறையில். அது 1960இல் வந்தது. வீட்டுக் கொம்பியூட்டர்களில் அதற்கான 9 பின் போர்ட், அதாவது கேபிளைக் குத்தும் இடம், இப்போது பெரும்பாலும் இல்லை. ஆனால் தராசு, பில் பிரிண்டர், படகில் இருக்கும் ஜிபிஎஸ் என்று திருகோணமலையில் நான் திருத்தப் போகும் இடங்களில் பாதி இன்னும் அதை நம்பித்தான் ஓடுகிறது. பழுது வந்தால் விலை கூடிய பொருளில்தான் முதலில் சந்தேகப்படுகிறோம். ஒரு சின்னப் பிளக் அந்தச் செலவைத் தடுக்கும்.

அதுதான் லூப்பேக் பிளக். போர்ட் அனுப்புவதை அதே போர்ட்டுக்கே திருப்பிவிடும். 9 பின் பெண் பிளக் ஒன்றை வாங்கி 2ஐயும் 3ஐயும் இணைத்து சோல்டர் பண்ணுங்கள். ஒன்று தரவு வரும் பின், மற்றது போகும் பின். அப்புறம் 7ஐ 8உடனும், 4ஐ 6, 1 இரண்டுடனும் சேருங்கள். பின்பக்கமிருந்து பார்க்கும்போது எண் வரிசை இடம் வலமாக மாறிவிடும். பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் எண் இருக்கும், டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டே ஈயம் வையுங்கள். ஆண் பிளக்கிலும் ஒன்று செய்து வையுங்கள், சில கேபிள்களுக்கு இரு முனையும் பெண். பழைய 25 பின் போர்ட்டிலும் 2, 3தான் தரவு, ஆனால் மற்ற எண்கள் வேறு.

கொம்பியூட்டரில் புட்டி (PuTTY) போன்ற டெர்மினல் மென்பொருளைத் திறந்து, அந்தப் போர்ட்டின் சரியான கொம் (COM) எண்ணைக் கொடுத்துத் தட்டெழுதுங்கள். அது அடித்ததைப் போர்ட்டுக்கு அனுப்பி, போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டும். அடித்த எழுத்து திரையில் வந்தால் போர்ட் நல்லது. ஆனால் 'லோக்கல் எக்கோ', அதாவது அடித்ததை மென்பொருளே நேரடியாகத் திரையில் காட்டும் வசதி, அணைந்திருக்க வேண்டும். அது போட்டிருந்தால் பிளக்கே இல்லாமலும் எழுத்து வரும், செத்த போர்ட்டும் நல்ல போர்ட் மாதிரித் தெரியும்.

ஆலையில் முதலில் கொம்பியூட்டர் போர்ட்டிலேயே பிளக்கைக் குத்தினேன். எழுத்து வந்தது. அடுத்து கேபிளை மாட்டி, மறுமுனையைத் தராசுப் பெட்டியிலிருந்து கழற்றி, அங்கே பிளக்கைப் போட்டேன். அப்போதும் வந்தது. "அப்ப கேபிள் நல்லம்தானே?" என்றார் கணக்குப் பார்க்கும் தம்பி. பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி தட்டச் சொன்னேன். முனை வெறுமனே தொங்குகிறது, எழுத்து மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

கேபிள் முனையின் மூடியைத் திறந்தோம். முடி அளவு செம்பு இழை ஒன்று 3ஆம் பின்னிலிருந்து பிரிந்து 2ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. கேபிளே ஒரு லூப்பேக் ஆகிவிட்டதால், தராசு அனுப்பியதும் கொம்பியூட்டர் அனுப்பியதும் ஒரே கம்பியில் மோதிக்கொண்டிருந்தன. இழையை வெட்டி, இரண்டு பின்னுக்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடினேன். அடுத்த உழவு இயந்திரத்தின் எடை திரைக்கு வந்தது. முதலாளி சர்க்கிட்டை நிறுத்தச் சொல்லப் போனை எடுத்தார்.

அதனால் பிளக் போட்டால் எழுத்து வர வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும். இரண்டையும் பார்த்தால்தான் சோதனை முடியும்.

இந்தச் சோதனைக்குத் தெரியாத சில விஷயங்களும் உண்டு. 5ஆம் பின், அதாவது தரைக் கம்பி, அறுந்திருந்தாலும் எழுத்து திரும்பி வந்துவிடும், ஏனென்றால் அனுப்புவதும் கேட்பதும் ஒரே போர்ட். ஒருநாள் வேலை செய்து மறுநாள் குப்பை எழுத்து வருகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். கேபிளை இரு பக்கமும் கழற்றி ஒரு முனையின் 5க்கும் மறுமுனையின் 5க்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கேபிள் நேரா (2 மறுமுனையில் 2க்கே போகிறதா), குறுக்கா (2 மறுமுனையில் 3க்குப் போகிறதா) என்பதையும் லூப்பேக் சொல்லாது. தரவு போகும் வேகமும் அப்படியே. படகுகளில் ஜிபிஎஸ் பேசும் என்எம்இஏ 0183 முறையில் வழக்கமான வேகம் வினாடிக்கு 4800 பிட். கொம்பியூட்டரை 9600இல் வைத்து லூப்பேக் பார்த்தால் அது தேறிவிடும், ஆனால் ஜிபிஎஸ் சொல்வது விளங்காது.

கடலோரக் கடைகளிலும் படகுகளிலும் பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அங்கே சோதிக்கும்போது ஒரு கையால் தட்டெழுதிக்கொண்டே மற்றக் கையால் கேபிளை மூடிக்குப் பக்கத்தில் மெல்ல வளையுங்கள். நடுவில் ஓர் எழுத்து விழாமல் போனாலும் அந்த முனையை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.