ஒரு மேசை, இரண்டு கணினிகள், நடுவில் ஒரு பெட்டி

அலுவலகம் கொடுத்த லேப்டாப் ஒன்று, சொந்தக் கணினி ஒன்று. ஆனால் மானிட்டரும் கீபோர்டும் மவுஸும் ஒவ்வொன்றுதான். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பலருடைய மேசையின் நிலவரம் இது. இதற்கென்றே கேவிஎம் (கீபோர்டு, வீடியோ, மவுஸ்) சுவிட்ச் என்ற கைக்கடக்கமான பெட்டி விற்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் மூன்றும் ஒரு கணினியை விட்டு மற்றொன்றுக்குப் போய்விடும். கம்பியைத் திருப்பிவிடும் வேலைதானே என்று விலை குறைந்ததை வாங்கியவர்கள் சீக்கிரமே அலுத்துக்கொள்வார்கள். மாற்றும்போதெல்லாம் திரை சில நொடிகள் கறுத்துக் கிடக்கும். முதலில் தட்டிய எழுத்துகள் காணாமல் போகும். திரும்பி வந்தால், பெரிய திரையில் அடுக்கி வைத்திருந்த ஜன்னல்களெல்லாம் லேப்டாப்பின் சின்னத் திரையில் குவிந்திருக்கும்.

கம்பியைத் திருப்புவது உண்மையிலேயே எளிது. திருப்பியது கணினிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். நல்ல பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அதற்குத்தான்.

கீபோர்டை முதலில் பார்ப்போம். 1996இல் வந்த யுஎஸ்பி முறையில் எஜமான் ஒருவர்தான்: கணினி. கீபோர்டு தானாக வாய் திறக்காது. வருகைப் பதிவேட்டை விரித்து வைத்திருக்கும் ஆசிரியரைப் போல, கணினி ஒவ்வொரு கருவியையும் முறைவைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், கூப்பிட்டால்தான் பதில். சாதாரண கீபோர்டு ஒன்றை நொடிக்கு ஏறத்தாழ 125 தடவை கூப்பிடுகிறது. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளுக்கு ஒரு கீபோர்டு பதில் சொல்ல வழியே இல்லை.

கீபோர்டைச் செருகியதும் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். யுஎஸ்பி கேபிளில் தகவலுக்கு இரண்டு கம்பிகள் உண்டு. கீபோர்டுக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று அவற்றில் ஒரு கம்பியை 3.3 வோல்ட்டை நோக்கி இழுக்கிறது. அந்த மின்னழுத்தம் ஏறியதைக் கண்டுதான் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கணினி அறிகிறது. எந்தக் கம்பி ஏறியது என்பதை வைத்து வந்தவரின் வேகமும் தெரிந்துவிடும். தொடர்பு நிலைபெறக் குறைந்தது 100 மில்லி நொடி காத்திருந்து, கருவியை மீட்டமைத்து, 1 முதல் 127 வரை ஏதோ ஒரு முகவரியைக் கொடுத்து, பிறகு விசாரணை: தயாரித்தவர் யார், என்ன மாதிரி, என்ன வேலை செய்வாய்? பதிலுக்கு ஏற்ற மென்பொருளை எடுத்துப் பொருத்திய பிறகே நீங்கள் தட்டும் எழுத்து திரைக்கு வரும். மலிவான பெட்டியில் ஒவ்வொரு தடவையும் இந்தச் சடங்கு முழுவதும் நடக்கிறது. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் கீபோர்டைப் பிடுங்கி மறுபடி செருகியிருக்கிறீர்கள்.

நல்ல பெட்டி செய்வது வேறு. அது இரண்டு கணினிகளிடமும் தன்னையே கீபோர்டாக அறிமுகம் செய்துகொள்கிறது. உண்மையான கீபோர்டிடம் எஜமானாக நடித்து எழுத்துகளை வாங்கி, அந்த நேரத்தில் தேர்ந்தெடுத்த கணினிக்கு மட்டும் கொடுக்கிறது. மற்றக் கணினி கூப்பிடும்போதும் பெட்டி பதில் சொல்லத் தவறுவதில்லை: இருக்கிறேன், புதிதாக ஒன்றும் இல்லை. இந்த நடிப்பின் வேர் சர்வர் அறைகளில் இருக்கிறது. பழைய கணினிகள் பல, தொடங்கும்போது கீபோர்டு தென்படாவிட்டால் மேலே நகராமல் நின்றுவிடும். கீபோர்டு இல்லை என்று சொல்லிவிட்டு, தொடர எஃப்1 விசையை அழுத்தச் சொல்லும் அந்தச் செய்தி கணினித் துறையின் பழைய நகைச்சுவை. ஒரு கீபோர்டை வைத்துப் பல சர்வர்களைக் கவனித்தவர்களுக்குப் போலிக் கீபோர்டு அத்தியாவசியமாக இருந்தது.

நடிப்புக்கு விலையும் உண்டு. பெட்டிக்குத் தெரிந்தது பொதுவான கீபோர்டும் பொதுவான மவுஸும்தான். நொடிக்கு 1000 தடவை பதில் சொல்லும் விளையாட்டு மவுஸ், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தனி விசைகள் போன்றவை இதில் தடுமாறலாம்.

கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எச் விசையை அழுத்தினால் போவது 11 என்ற எண். சொந்தக் கணினியில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு இருந்தால் அது ‘க’ ஆகும்; அலுவலக லேப்டாப்பில் ஆங்கில எச் ஆகும். கேப்ஸ் லாக் விளக்கும் இப்படித்தான். அந்த விசையை அழுத்தியதும் விளக்கை எரியவைப்பது கீபோர்டு அல்ல. கணினி திருப்பி அனுப்பும் கட்டளை. ஒரு கணினியில் கேப்ஸ் லாக் போட்டுவிட்டு மற்றதற்கு மாறினால் விளக்கு தானே அணைவதற்குக் காரணம் இதுவே. கணினி உறைந்துவிட்டதா என்று சோதிக்க அனுபவசாலிகள் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்ப்பதும் இதனால்தான்.

மானிட்டரும் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. இடிஐடி என்ற, குறைந்தது 128 பைட் நீளமுள்ள குறிப்பு அதற்குள் பதிந்திருக்கும். மூன்றெழுத்தில் தயாரிப்பாளர், தயாரித்த ஆண்டு, திரையின் நீள அகலம் சென்டிமீட்டரில், காட்டக்கூடிய படஅளவுகள் எல்லாம் அதில் அடக்கம். எச்டிஎம்ஐ கேபிளின் 19ஆவது முனையில் மின்னழுத்தம் இருந்தால் திரை இருக்கிறது என்று பொருள். இறங்கினால் திரை போய்விட்டது. போனதும் இயங்குதளம் தன் கடமையைச் செய்கிறது: இல்லாத திரையில் இருந்த ஜன்னல்களை இருக்கும் திரைக்கு அள்ளி வருகிறது. விண்டோஸ் 11இல் ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் வசதி இருப்பதால் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனால் வேரிலேயே தீர்ப்பது, அந்த இடிஐடி குறிப்பையும் தானே படித்து வைத்துக்கொண்டு, 19ஆவது முனையையும் விடாமல் தாங்கிப் பிடிக்கும் பெட்டிதான். வாங்கும்போது ‘இடிஐடி எமுலேஷன்’ (மானிட்டராக நடிப்பது) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விலையின் இன்னொரு பகுதி வேகத்துக்குப் போகிறது. 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்றால் நொடிக்கு 1,194 கோடி பிட். அதைச் சிதறாமல் திருப்பிவிடும் சிப் மலிவாக வராது.

இத்தனை செலவு வேண்டாம் என்பவர்களுக்குச் சிக்கனமான வழி ஒன்று இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுவே. பெரும்பாலான மானிட்டர்களில் இரண்டு மூன்று உள்ளீடுகள் இருக்கின்றன. இரண்டு கணினிகளையும் நேரடியாக மானிட்டரில் செருகிவிட்டு, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும் ஒரு சாதாரண யுஎஸ்பி சுவிட்ச் வாங்கினால் போதும். உள்ளீட்டை மாற்ற மானிட்டரின் பின்புறப் பொத்தானைத் தடவித் தேட வேண்டியதில்லை. டிடிசி-சிஐ என்ற வசதி வழியாகக் கணினியே மானிட்டருக்குக் கட்டளை அனுப்பலாம். பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண் 60 என்பது உள்ளீடு மாற்றுவதற்கான குறி. சில மானிட்டர்கள் உள்ளீடு மாறியதும் பழைய கணினியைக் கைவிட்டுவிடும், அதாவது திரை போய்விட்டதாக அதற்குக் காட்டும்; சில விடாது. அதை வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்ப்பது நல்லது.

பெட்டியே இல்லாமல், வலையமைப்பு வழியாக மவுஸை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவிடும் மென்பொருள்களும் உண்டு. நீங்கள் தட்டுவதெல்லாம், கடவுச்சொல் உட்பட, வலையமைப்பில் பயணிக்கும். அலுவலகக் கணினியில் அதை நிறுவ அனுமதி கிடைப்பது சந்தேகம்தான்.

பெட்டி மட்டும் முழுப் பாதுகாப்பா என்றால் இல்லை. கணினி கீபோர்டுக்கு விளக்குக் கட்டளை அனுப்ப முடியும் என்று பார்த்தோமே, அந்தச் சிறு வழியில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் கசியவைக்கலாம். ரகசியக் கோப்புகளைக் கையாளும் இடங்களுக்கான கேவிஎம் பெட்டிகளில் தகவல் கீபோர்டிலிருந்து கணினிக்கு மட்டும் போகும்படி பாதையை ஒருவழியாக்கி விடுகிறார்கள். வீட்டு மேசைக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் பெட்டியின் கூடுதல் யுஎஸ்பி துளையில் சொந்தப் பென் டிரைவைச் செருகி வைக்காதீர்கள். பொத்தானை அழுத்தியதும் கீபோர்டோடு சேர்ந்து அதுவும் அலுவலக லேப்டாப்பிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்.